உன் அம்மா படிக்கப் போகிறாள்

அன்புள்ள யெஸ்டின்,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், கூரை ஒழுகவில்லை, தோட்டத்து உருளைக்கிழங்கு இந்த வருஷ மழையில் அழுகாமல் தப்பித்தது, அந்த அளவுக்கு இங்கே எல்லாம் சுகம். அங்கே நியூசிலாந்தில் நீயும் மருமகள் டெல்லாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஃபோனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் நான் கத்துவேன், நீ உடனே அப்பா கோபப்படாதீங்க, உங்க உடம்புக்கு ஆகாது என்பாய், அதைக் கேட்டு நான் இன்னும் கத்துவேன். காகிதம் குறுக்கே பேசாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி, ஆபீஸில் கூட்டத்துக்கு நடுவே மேஜைக்கு அடியில் வைத்துப் படிக்காதே.

போன மாதக் கடைசியில் நீ அம்மாவுக்கு அனுப்பின செய்தியை அவள் சாப்பாட்டு மேஜையில் எனக்கு வாசித்துக் காட்டினாள். அம்மா, நல்லா யோசி, அப்பாவுக்கு ஆபரேஷன் வெச்சிருக்கும்போது மூணு வருஷப் படிப்பு எதுக்கு, இந்த வயசுல இதுல என்ன லாபம், தள்ளிப் போடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்று எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு சிவப்பு இதயப் படம் வேறு. உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, காப்பீட்டுக் கம்பெனியில் உட்கார்ந்து யார் எப்போது சாவார்கள் என்று கணக்குப் போட்டே சம்பளம் வாங்குகிறவன், உனக்கு மனிதர்கள் எல்லாம் அப்படித்தான் தெரிவார்கள். ஆனால் இங்கே நடந்தது என்ன என்று உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அம்மா நல்லதை மட்டும் சொல்லுவாள். உன் கெத்தின் மாமா தன்னைப் பற்றி மட்டும் சொல்லுவான். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால்தான் அம்மாவுக்கு அந்த இடம் கிடைத்தது. அட்வான்ஸ்டு கிளினிக்கல் பிராக்டிஸ், முதுநிலைப் பட்டம், பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். இத்தனை வருஷம் அவசரப் பிரிவில் நர்ஸாக நோயாளி பக்கத்தில் நின்றுகொண்டு, டாக்டர் வருகிறாரா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாளே, இதைப் படித்து முடித்தால் அவளே நெஞ்சைத் தட்டிப் பார்த்து, இன்ன நோய் என்று சொல்லி, மருந்தும் எழுதலாம். வேலையையும் பார்த்துக்கொண்டு வாரத்தில் ஒரு நாள் பல்கலைக்கழகம் போக வேண்டும். அந்தப் பிரிவின் பெரிய டாக்டர் இமெல்டா, அயர்லாந்துக்காரி, அவர்தான் இவளை விண்ணப்பம் போடச் சொல்லி விடாமல் பிடித்தவர், மூன்று வருஷமும் தானே கூட நின்று சொல்லிக் கொடுப்பதாகவும் ஒத்துக்கொண்டவர். பிரிவுக்கு வருஷத்துக்கு ஒரே இடம். இந்த வருஷம் விட்டால் அது யாராவது இளம் பிள்ளைக்குப் போகும், பிறகு ஐம்பத்துநாலு வயதுக்காரியை யாரும் கூப்பிட்டு உட்கார வைக்கப் போவதில்லை. நீ சொல்லும் அடுத்த வருஷம் என்பது எந்த நாட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

செய்தி தெரிந்ததும் கெத்தின் மாமா ஞாயிறு சபை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்தான். சபை மூப்பர் ஆனதிலிருந்து அவனுக்கு நடையே மாறிவிட்டது, கதவைத் திறக்கும்போதே ஆசீர்வதிக்கிற மாதிரி திறக்கிறான். நான் வறுத்து வைத்திருந்த ஆட்டுத்தொடையில் பாதியைத் தின்றுவிட்டு, நெரிஸ், ஐம்பத்துமூணு வயசுல புத்தகப் பையத் தூக்கிட்டுப் போறியாமே, டாக்டராகணும்னா அப்பவே ஆகியிருக்கணும், நர்ஸாவே இருந்து ஓய்வு வாங்கிட்டுப் போயேன், ரெண்டுங்கெட்டானா இது எதுக்கு என்றான். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போனாள். நான் சொன்னேன், மச்சான், நகராட்சியில முப்பது வருஷம் நீ என்ன வேலை பாத்தேன்னு இந்த ஊர்ல இன்னும் ஒருத்தனுக்கும் தெரியாது, முதல்ல அதைச் சொல்லு, அவ என்ன ஆகப்போறாங்கிறதை அப்புறம் பேசலாம். அவன் உருளைக்கிழங்கு கேட்டான். உனக்கு நினைவிருக்கும், இதே படிப்புக்கு அம்மா ஒரு தடவை முன்பே தயாரானாள், அப்போது அவளைப் பெற்ற உன் பாட்டி நினைவு தப்பிப் படுத்தாள், மகன் கெத்தினுக்குச் சபைக் கட்டடத்துக்கு வண்ணம் அடிக்கிற வேலை இருந்தது, குளிப்பாட்டவும் ஊட்டவும் இவள்தான் இருந்தாள். படிப்பு போயிற்று. வண்ணமும் இப்போது உரிந்துவிட்டது.

கோடை முழுக்க முன்னறையில் தயாரிப்பு நடந்தது. உடம்பின் உள்ளே இருக்கிறதையெல்லாம் வரைந்த பெரிய புத்தகங்கள், கம்ப்யூட்டரில் பல்கலைக்கழக நூலகம் திறந்து தேடுவதற்கு ஒரு பாடம், புள்ளியியல் என்று ஒரு சனியன், அதற்கு மேல் கட்டுரை எழுதிப் பழக வேண்டுமாம். கட்டுரையில் ஒவ்வொரு வரிக்கும் இதை யார் சொன்னது என்று கீழே குறிப்புப் போட வேண்டும். நான் கறிக்கடையில் இருந்தபோது ஒவ்வொரு எலும்புத் துண்டுக்கும் அந்த ஆட்டின் அப்பன் பெயரைச் சொல்லிக் கொடுத்திருந்தால் கடை என்றைக்கோ மூடியிருக்கும் என்றேன். வெளியே போ எம்லின் என்றாள். எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தாள். ஒரு நாள் குப்பைக்கூடையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் படித்துவிட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்றேன், உனக்கு நல்லா இருக்குன்னாலே அது தப்பாத்தான் இருக்கும் என்றாள்.

புத்தகத்தோடு உடம்பும் வேண்டுமே, அதற்கு நான்தான் கிடைத்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு சோபாவில் கிடக்க வேண்டும். முதுகில் ஒரு கையை வைத்து மறு கை விரலால் தட்டுவாள், வயிற்றை அமுக்குவாள், முழங்காலில் சுத்தி, கண்ணில் டார்ச். தொண்ணூற்றொன்பது என்று சொல்லச் சொல்லுவாள், நெஞ்சு அதிர்வது கைக்குத் தெரிய வேண்டுமாம். நூறுன்னு சொன்னா அதிராதா என்று கேட்டேன். வாயை மூடு, இப்ப மூச்சைக் கேக்கணும் என்பாள். சந்தையில் மாட்டைத் தட்டிப் பார்க்கிற வியாபாரிகூட இதைவிட மரியாதையாகத் தட்டுவான். ஆனாலும் சொல்கிறேன், அந்த நாட்களில் அவள் முகத்தைப் பார்க்க நன்றாக இருந்தது.

அப்படி ஒரு மாலை ஸ்டெதாஸ்கோப்பை என் நெஞ்செலும்புக்கு வலது பக்கம் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு என்னை முன்னால் சாயச் சொன்னாள், மூச்சை விட்டுவிட்டு நிறுத்தச் சொன்னாள், கழுத்தில் வைத்துக் கேட்டாள். நான் வழக்கம்போல ஏதோ உளறிக்கொண்டிருந்தேன், என்ன, உள்ளே ஆடு கத்துதா என்று. அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கருவியைச் சுருட்டி வைத்துவிட்டு டீ போடப் போனாள். அடுத்த இரண்டு மூன்று நாளும் அதே இடத்தில் வைத்துக் கேட்டாள், அதற்குப் பிறகு என்னைத் தொடுவதையே நிறுத்திவிட்டு வெறும் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். இது நல்லதுக்கில்லை என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் கேட்கத் தைரியமில்லை. கடைசியில் அவளே சொன்னாள். உன் இதயத்துல ஒரு சத்தம் இருக்கு, ரத்தம் வெளியே போற வாசல் சுருங்கியிருக்குன்னு நினைக்கிறேன். நான் சமாளித்தேன், எனக்கு ஒன்றுமில்லை, நான் நல்லா இருக்கேன் என்றேன். அவள் என்னையே பார்த்துச் சொன்னாள், ரக்பி மைதானத்து மேட்டுல ஏறும்போது பாதியில குனிஞ்சு ஷூ லேஸ் கட்டுறியே, லேஸே இல்லாத ஷூவுக்கு, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா.

குடும்ப டாக்டர் அனுப்பி, ஸ்கேன் எடுத்து, அவள் சொன்னது சரிதான் என்று ஆயிற்று. வால்வை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும், நெஞ்சைத் திறந்துதான். வரிசை நீளம், ஆனாலும் என் மூச்சிரைப்பைப் பார்த்து முன்னால் தள்ளினார்கள், செப்டம்பர் கடைசியில் நாள் கொடுத்தார்கள். அம்மாவின் வகுப்பும் அதே சமயத்தில்தான் தொடங்குகிறது. உலோகத்தில் வைக்கலாம், மாட்டுத் திசுவில் செய்ததையும் வைக்கலாம் என்றார்கள், மாடே வரட்டும் என்றேன், அவை என் கடையில் பட்ட பாட்டுக்கு ஒன்றாவது உள்ளே வந்து உட்காரட்டும். வாய் இப்படித்தான் பேசியது. ஆனால் வாழ்நாள் முழுக்க மாட்டு இதயத்தை இரண்டாகப் பிளந்து தட்டில் அடுக்கினவன், திரையில் தன் இதயம் துடிக்கிறதைப் பார்த்ததும் தலை சுற்றி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த ஸ்கேன் எடுத்த சின்னப் பெண் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்தாள். நான் எவ்வளவு பெரிய வீரன் என்று நீயும் தெரிந்துகொள்.

இதற்காகவே காத்திருந்த மாதிரி கெத்தின் மாமா திரும்ப வந்தான். மாப்ளே, இது கர்த்தர் காட்டுற வழி, நெரிஸ் வீட்டுல இருக்கணும்கிறதுக்காகத்தான் இப்படி நடந்திருக்கு என்றான். கர்த்தருக்கு வேறு வேலை இல்லை, ஒருத்தி படிப்பதை நிறுத்த இன்னொருத்தனின் வால்வைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவன் பேச்சை நான் பொருட்படுத்தவில்லை, அம்மாவும் அவன் பேச்சை ஒருநாளும் பொருட்படுத்தினதில்லை. அவளைச் சாய்த்தது நீதான், யெஸ்டின். உன் செய்தியை வாசித்து முடித்துவிட்டு, அவன் சொல்றதும் நியாயம்தான் என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் வேலைக்குப் போன இடத்தில் டாக்டர் இமெல்டாவிடம் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என்னிடம் அதைச் சொன்னபோது சமையலறை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஏற்கெனவே சுத்தமாக இருந்த அலமாரி. இந்த வயதில் என்ன லாபம் என்று கேட்டாயே, நீ முதல் வருஷத் தேர்வில் விழுந்து வீட்டுக்கு வந்து போர்வைக்குள் சுருண்டு கிடந்தாய், அப்போது அவள் இரவுப் பணி முடித்து வந்து உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உனக்குக் கணக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டினாள், பாதி வார்த்தை அவளுக்கு உச்சரிக்கக்கூடத் தெரியாது. உன்னால் என்ன லாபம் என்று அவள் கேட்கவில்லை.

நான் அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன், அம்மாவுக்குப் பணி இல்லாத நேரம் பார்த்து. டாக்டர் இமெல்டா நின்றுகொண்டே சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். நான் ஆரம்பித்ததுமே அவர், நெரிஸ் இடம் வேண்டாம்னதை நான் இன்னும் யாருக்கும் சொல்லல, ஆனா அவகிட்ட நான் பேசவும் மாட்டேன், அவளை இழுத்துப் பிடிச்சு உக்கார வெச்சா அவளால மூணு வருஷம் தாங்க முடியாது, உங்க வீட்டுல உள்ளதை நீங்களே தீர்த்துக்கிட்டு வாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நேராகச் சொன்னேன், நீ வகுப்புக்குப் போகலைன்னா நான் ஆபரேஷனுக்குப் போக மாட்டேன். பெரிய தியாகம் செய்துவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கறிக்கடையில் கெட்டுப்போன துண்டைப் பார்க்கிற பார்வை. பிறகு மெதுவாகச் சொன்னாள், உனக்கு மேஜையில படுக்கப் பயம், எம்லின், ஸ்கேன் எடுத்த அன்னைக்கே பாத்துட்டேன், அந்தப் பயத்துக்கு என் படிப்பை முட்டுக் கொடுக்காதே. எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. ஏனென்றால் அது உண்மை. அவள் வேண்டாம் என்று அடம்பிடித்தால் நானும் கௌரவமாகத் தப்பித்துக்கொள்ளலாம் என்று உள்ளே ஒரு ஓரத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனால் எனக்கும் வாய் சும்மா இருக்குமா, திருப்பிக் கொடுத்தேன். நீ மட்டும் என்ன, அந்தக் கட்டுரையைக் கிழிச்சுக் கிழிச்சு உனக்குக் கையே ஓஞ்சு போச்சு, வகுப்புல சின்னப் பிள்ளைங்க முன்னாடி தோத்துடுவோம்னு நடுங்குற, அதுக்கு என் இதயத்தை முட்டுக் கொடுக்காதே. அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டு மாடிக்குப் போனாள். இரண்டு நாள் பேச்சு இல்லை. டீ மட்டும் போட்டு வைத்தாள், என் கோப்பையில் சர்க்கரை இல்லாமல்.

மூன்றாம் நாள் காலை மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்திருந்தாள். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன், ஏறினால் மூச்சு வாங்கும். அவளே பேசினாள். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், ஒண்ணும் ஏற மாட்டேங்குது, வார்டுல எல்லாரும் எங்கிட்டதான் கேப்பாங்க, அங்க போய் நான்தான் ஒண்ணும் தெரியாதவளா நின்னா என்ன பண்றது என்றாள். நின்னுட்டுப் போ என்றேன், அதே வாரம் நான் நெஞ்சைப் பொளந்து வெச்சுக்கிட்டு வாயைத் திறந்து கிடப்பேன், யாரு கேவலமா இருக்கோம்னு பாக்கலாம். அதற்கு அவள் சிரித்தாள். எனக்கும் பயமா இருக்கு நெரிஸ் என்று அப்போதுதான் சொன்னேன், அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. தெரியும் என்றாள். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வந்து டாக்டர் இமெல்டாவுக்கு ஃபோன் போட்டு, அந்த இடம் இன்னும் இருக்கா என்று கேட்டாள். எந்த இடம், நீ வராண்டாவுல ஏதோ முணுமுணுத்தே, எனக்கு அந்தக் காது சரியாக் கேக்காது, வேலையைப் பாரு என்றாராம் அவர்.

போன வாரம் பல்கலைக்கழகத்தில் அறிமுக நாள். காலையில் மூன்று தடவை ஸ்வெட்டர் மாற்றினாள். நான் பஸ் நிறுத்தம் வரைக்கும் போய் விட்டுவிட்டு வந்தேன், வழியில் நின்று மூச்சு வாங்கினேன், இந்தத் தடவை லேஸ் கட்டுகிற நடிப்பு இல்லாமல். சாயங்காலம் வந்தவள் முதலில் ஆட்டெலும்புச் சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தாள், பிறகுதான் வாய் திறந்தாள். ஆசிரியர் ஒவ்வொருவரையும் எழுப்பி ஏன் இந்தப் படிப்புக்கு வந்தீர்கள் என்று கேட்டாராம். எல்லாரும் சேவை, தலைமைப் பண்பு, சமூகம் என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்களாம். இவள் முறை வந்ததும், டாக்டர் வர்றாரான்னு கதவையே பாத்துப் பாத்துக் கழுத்து வலிக்குது, அதான் வந்தேன் என்றிருக்கிறாள். அறை முழுக்கச் சிரிப்பாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆம்புலன்ஸ்காரப் பையன் ஒருத்தன், உனக்குத் தம்பி வயது இருக்கும், இடைவேளையில் இவளிடம் வந்து, எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே வரலக்கா, அந்தப் புள்ளியியல் உங்களுக்குப் புரியுதா என்று கேட்டானாம். புரியலன்னு சொன்னேன், ரெண்டு பேரும் சேர்ந்து படிக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம் என்றாள். இந்த வீட்டில் சேர்ந்து தோற்க இன்னும் ஓர் ஆள் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சி.

ஆபரேஷனுக்குப் பிறகு நான் வீட்டில் தனியாக இருக்கக் கூடாதாம், கெட்டிலைக்கூடத் தூக்கக் கூடாதாம். அம்மா வேலைக்குப் போகிற நாட்களுக்குப் பக்கத்து வீட்டில் ஏற்பாடு ஆகிவிட்டது. வியாழக்கிழமை வகுப்பு நாள். அந்த நாளுக்கு நான் கெத்தின் மாமாவைக் கேட்டேன். சபை வாசலில், மற்ற மூப்பர்கள் நான்கு பேர் நிற்கும்போது, உரக்கக் கேட்டேன். மச்சான், கர்த்தர் வழி காட்டினாருன்னு சொன்னியே, வியாழன் வியாழன் வந்து எனக்குச் சூப் ஊட்டி, கழிப்பறைக்குக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும், வருவியா என்றேன். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தாயைக் கழுவிவிட வராத கை, மச்சானைக் கழுவ வருகிறது. வருவான், வராவிட்டால் அந்த நான்கு பேரும் கேட்பார்கள்.

நீ விமானம் ஏறி வருகிறாய் என்று டெல்லா அம்மாவிடம் சொன்னாளாம். வர வேண்டாம். வந்தால் நீ படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து மருத்துவமனையில் செத்தவர்களின் சதவீதத்தைச் சொல்லுவாய். கிறிஸ்துமஸுக்கு வா, அப்போது என்னால் மேடு ஏற முடியும், உன்னை மைதானம் வரைக்கும் நடக்கவிட்டுப் பின்னால் நின்று சிரிக்கிறேன். இப்போது நீ செய்ய வேண்டியது வேறு. அம்மாவைக் கூப்பிடு. நான் சொன்னது தப்பு என்று ஒரு வாக்கியம் சொல், முன்னும் பின்னும் விளக்கம் சேர்க்காதே, இதயப் படம் அனுப்பாதே. உன் வாயிலிருந்து அது வந்தால் அவளுக்குப் பேருந்து ஏறும்போது கால் கனக்காது. அவள் உன்மேல் கோபமாக இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

உன் கம்பெனி உன்னைச் சீக்கிரம் பெரிய நாற்காலியில் உட்கார வைக்கட்டும், அதில் உட்கார்ந்து நீ கொஞ்சம் மனிதனாகவும் இருக்கப் பழகு. டெல்லாவுக்கு என் அன்பு, அவள் உன்னைவிட புத்திசாலி என்று நான் சொன்னதாகச் சொல். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பயமுறுத்தாமல் நீண்ட நாள் நன்றாக வாழுங்கள், கடவுள் உங்களோடு இருப்பார், கெத்தினோடு இருந்து சலித்துப்போகிற நேரம் போக மீதி நேரம்.

கடைசியாக ஒன்று, இதை அம்மாவிடம் சொல்லாதே. மேஜையில் ஏதாவது தப்பாகிவிட்டால், எல்லா ஏற்பாடும் உன் தலையில்தான் விழும், கெத்தின் பிரசங்கம் பண்ணத்தான் லாயக்கு. எந்தச் சபை, எந்தப் பாட்டு, பெட்டி என்ன மரம், எதைப் பற்றியும் எனக்குக் கவலையில்லை, உனக்குத் தோன்றியபடி செய். அடக்கத்தை மட்டும் வியாழக்கிழமை வைக்காதே. அன்றைக்கு அவளுக்கு வகுப்பு இருக்கிறது.

உன் அப்பா,
எம்லின்